சாகஸ் நோயில் இதயத் துடிப்பு வேறுபாடு

இதயத் துடிப்பு வேறுபாடு என்பது அடுத்தடுத்த இதயத் துடிப்புகளுக்கு இடையிலான கால இடைவெளி எந்த அளவுக்கு மாறுகிறது என்பதைக் குறிக்கும் அளவீடு ஆகும். நலமான இதயம் கடிகாரம் போல் துடிப்பதில்லை. ஒவ்வோர் இடைவெளியும் சிறிது கூடியும் குறைந்தும் அமையும். சாகஸ் நோயில் தன்னியக்க நரம்பு மண்டலம் பாதிக்கப்படும்போது இவ்வேறுபாடு குறைகிறது. இதயத் தசை தளர்வதற்கு முன்பே சிலரிடம் இக்குறைவு காணப்படுவதால், இது மருத்துவ ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.

நோயின் பின்னணி

சாகஸ் நோயை 1909ஆம் ஆண்டு பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் உள்ள லஸ்ஸான்ஸ் என்னும் ஊரில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தார். டிரிப்பனோசோமா குரூசி என்னும் ஓரணு ஒட்டுண்ணி இந்நோயை உண்டாக்குகிறது. இரத்தம் உறிஞ்சும் டிரையாட்டோமின் பூச்சிகளின் எச்சத்தில் இவ்வொட்டுண்ணி இருக்கும். கடிவாய், கண் அல்லது வாய் வழியாக அது உடலினுள் நுழைகிறது. மாசடைந்த உணவு, இரத்த மாற்றம், உறுப்பு மாற்று ஆகியவற்றின் மூலமும், தாயிடமிருந்து கருவுக்கும் இது பரவக்கூடும்.

தொடக்க நிலை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும். அதன்பின் அறிகுறியற்ற நிலை பல ஆண்டுகள் தொடரலாம். தொற்றுற்றோரில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காட்டினருக்குப் பிற்காலத்தில் இதயப் பாதிப்பு ஏற்படுகிறது. முன்னறிகுறி இல்லாத திடீர் மரணமும் நிகழக்கூடும்.

நரம்புகளின் பங்கு

இதயத் துடிப்பை இரு வகை நரம்புகள் கட்டுப்படுத்துகின்றன. பரிவு நரம்புகள் துடிப்பை விரைவாக்குகின்றன. வேகஸ் நரம்பு வழியாகச் செயற்படும் துணைப்பரிவு நரம்புகள் அதனை மெதுவாக்குகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு விரைவதும், வெளிவிடும்போது குறைவதும் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் செயலாகும்.

ஆஸ்திரியாவில் பிறந்த நோயியலாளர் ஃபிரிட்ஸ் கோபர்லே, 1950களில் பிரேசிலின் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரில், இந்நோயால் இறந்தோரின் உறுப்புகளில் இருந்த நரம்பணுக்களை எண்ணி ஆராய்ந்தார். இதயத்தின் துணைப்பரிவு நரம்பணுத்திரள்களில் அணுக்கள் பெருமளவு குறைந்திருப்பதை அவர் கண்டார். உணவுக்குழாயும் பெருங்குடலும் வீங்கிப் பெருப்பதற்கும் இத்தகைய நரம்பணு இழப்பே காரணம் என அவர் விளக்கினார். இதயப் பாதிப்பு முழுவதையும் நரம்பிழப்பால் மட்டும் விளக்க முடியாது என்பது பின்னாளைய ஆய்வாளர் பலரின் கருத்து. நீடித்த அழற்சி, தசை நார்மயமாதல், நரம்பு ஏற்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு உயிரிகள் ஆகியனவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அளவிடும் முறை

இதய மின்வரைவில் ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய உயர்ந்த முனை 'ஆர்' எனப்படுகிறது. இரு ஆர் முனைகளுக்கு இடையிலான காலம் மில்லிநொடிகளில் அளக்கப்படுகிறது. பின்வரும் இரு கற்பனைத் தொடர்களை எடுத்துக்கொள்வோம்:

முதல் தொடர்: 820, 910, 860, 790
இரண்டாம் தொடர்: 845, 847, 843, 845

இரண்டின் சராசரியும் 845 மில்லிநொடியே. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 71 துடிப்புகள். நாடி பிடித்து எண்ணினால் இவற்றிடையே வேறுபாடு தெரியாது. ஆனால் அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் முதல் தொடருக்கு ஏறத்தாழ 72, இரண்டாவதற்கு 2.8 மில்லிநொடி கிடைக்கும். இந்த அளவு முதன்மையாக வேகஸ் நரம்பின் செயற்பாட்டைக் காட்டுகிறது. நடைமுறையில் 5 நிமிடப் பதிவோ 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவோ பயன்படுத்தப்படுகிறது.

இடைவெளி மாற்றங்களை அதிர்வெண் வாரியாகவும் பிரிக்கலாம். 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மூச்சோடும் வேகஸ் நரம்போடும் தொடர்புடையது. 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரு நரம்புகளின் விளைவும் கலந்திருக்கும். ஆழ்ந்து மூச்சுவிடுதல், படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்றல் போன்ற சோதனைகளும் இதயத்தின் நரம்புக் கட்டுப்பாட்டை அறிய உதவுகின்றன.

பயன்பாடும் வரம்புகளும்

துடிப்பு வேறுபாடு குறைந்திருப்பது சாகஸ் நோய்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு, முதுமை, இதயச் செயலிழப்பு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இது குறையும். ஆகவே இதனைக் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது. நாட்பட்ட நிலையில் குருதியிலுள்ள எதிர்ப்பு உயிரிகளைக் கண்டறியும் சோதனைகளே அதற்கு உரியவை. மேலும், மிகைத் துடிப்புகள், ஏட்ரிய நடுக்கம், இதயமுடுக்கி ஆகியன உள்ளவரிடம் கணக்கீடு பிழைபடும். சாகஸ் இதய நோயாளிகளிடம் இவை அடிக்கடி காணப்படுவதால், அளவீடு பெரிதும் தேவைப்படும் நோயாளிகளிடமே அது நம்பகம் குறைந்ததாகிவிடுகிறது.

இறப்பு அபாயத்தைக் கணிக்க 2006இல் வெளியிடப்பட்ட ராசி மதிப்பெண் முறையின் ஆறு காரணிகளில் துடிப்பு வேறுபாடு இடம்பெறவில்லை. இதய விரிவு, இடக் கீழறையின் செயற்குறைவு போன்றவையே அதில் உள்ளன.

பென்ஸ்நிடசோல், நிஃபர்டிமாக்ஸ் ஆகிய மருந்துகள் தொடக்க நிலையில் நன்கு பயனளிக்கின்றன. ஆனால் இதயப் பாதிப்பு ஏற்பட்டுவிட்டவர்களிடம் பென்ஸ்நிடசோல் நோய் முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று 2015இல் வெளியான பெனிஃபிட் ஆய்வு காட்டியது. அறிகுறியற்ற ஆண்டுகளிலேயே பாதிப்பை அறிந்துகொள்ளும் வழிகள் தேடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.