"சும்மா இருங்கோ அம்மம்மா"

லண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழுபதைத் தாண்டிய ஒருவர் சமையலறைப் பக்கம் எழுந்து போனால் போதும், "நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்று ஒரு குரல் வந்துவிடும். சொல்வது பாசத்தில்தான். ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய் வந்தவர், பிள்ளைகளோடு இருக்க லண்டன் வந்தபின் சோபாவுக்கும் கட்டிலுக்கும் இடையில் அடங்கிவிடுகிறார். பிறகு சலரோகம், பிரஷர், முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாக வரும்போது வயதைக் குற்றம் சொல்கிறோம். அந்தப் பாசத்துக்கும் இதில் பங்கு உண்டு.

சவுத்தாலிலும் பிரெண்டிலும் கண்டது

மேற்கு லண்டனின் சவுத்தால், பிரெண்ட் பகுதிகளில் 40 முதல் 69 வயது வரையிலான தெற்காசியர், கரிபிய வம்சாவளியினர், வெள்ளையர் ஆகியோரை 1988 முதல் ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. எண்பது வயதை எட்டும்போது முதல் இரு பிரிவினரிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. வெள்ளையரில் அதில் பாதி அளவுதான்.

தெற்காசிய உடலில் கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேர்வது அதிகம், தசை குறைவு. ஆள் மெலிவாகத் தெரிந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இதனால்தான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல், ஆசிய, கறுப்பின மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5 என்றால் ஆபத்து அதிகம் என்று அறிவுறுத்தியது. வெள்ளையருக்கு அந்த எல்லைகள் 25, 30.

உடற்பயிற்சிக் கணக்கும் இப்படித்தான். எல்லோருக்கும் சொல்லப்படுவது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. வெள்ளையர் ஒருவர் அந்த 150இல் பெறும் பலனைத் தெற்காசியர் பெற ஏறக்குறைய 230 நிமிடம் வேண்டியிருக்கலாம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டார்கள். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒன்றுமே செய்யாதவர் நாளுக்குப் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கினாலே உடம்பில் வித்தியாசம் தெரியும். மிதமான நடை என்பதற்கு எளிய சோதனை: நடந்துகொண்டே கதைக்க முடியவேண்டும், பாட்டுப் பாட மூச்சு இடங்கொடுக்கக் கூடாது.

நடை மட்டும் காணாது

"நான் ஒவ்வொரு நாளும் நடக்கிறனான்" என்று பெருமையாகச் சொல்பவர்களும் தவறவிடுவது தசைப் பலத்தை. முதுமையில் ஒருவரை வீட்டோடு முடக்குவது பல நேரம் மாரடைப்பைவிட, குளியலறையில் ஒரு வழுக்கலும் இடுப்பெலும்பு முறிவுமே. 65ஐத் தாண்டியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது 2019இல் வந்த பிரிட்டிஷ் தலைமை மருத்துவ அதிகாரிகளின் வழிகாட்டி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் முதியோருக்காக வகுத்த வீட்டுப் பயிற்சி, விழுதலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது.

அதற்கு ஜிம் வேண்டியதில்லை. சுவரோடு சேர்த்துப் போட்ட உறுதியான கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை, அதே மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. பிட்டுக்கு மா குழைப்பதையும் படியேறுவதையும் அவர்களிடமிருந்து பிடுங்காமல் விடுவதும் இதில் சேர்த்திதான்.

ஜிம்முக்கு ஏன் போவதில்லை

முதியவர்களுக்கு அக்கறை இல்லை என்பது நியாயமில்லாத பேச்சு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டு, நடைபாதையில் பனி. பூங்காவில் தனியே நடந்தால் யாராவது ஏசுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமான அனுபவம் பலருக்கு உண்டு. நீச்சல் குளத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக, பயிற்சி சொல்பவரின் ஆங்கிலமோ வேகமாக. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி வங்காளப் பெண்களைக் கேட்டாலும் இதே கதைதான். துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் பெயர்த்துக் குடும்ப மருத்துவரின் (ஜி.பி.) கிளினிக் சுவரில் ஒட்டினால் இவை தீர்ந்துவிடா.

ஆகஸ்டில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் வீதிக்கு வரும் நாளைப் பாருங்கள். முழங்கால் ஏலாது என்றவர்கள் மணிக்கணக்கில் தேருக்குப் பின்னால் நடக்கிறார்கள். கூட்டமும் மொழியும் பழகிய முகங்களும் இருந்தால் கால் நடக்கும். ஆகவே பயிற்சியை அவர்கள் ஏற்கனவே போகும் இடத்துக்குக் கொண்டுபோவதே புத்தி: வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம், பிரசாதத்துக்கு முன். குருத்வாராவுக்கும் பள்ளிவாசலுக்கும் இது பொருந்தும். நடத்துபவர் சுறுசுறுப்பான இருபது வயது இளைஞராக இருப்பதைவிட, பயிற்சி பெற்ற அறுபத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண்ணாக இருந்தால் கூட்டம் நிலைக்கும் என்பது என் எண்ணம். கோயில் நிர்வாகங்கள் அன்னதானத்துக்குத் தரும் அக்கறையில் கொஞ்சத்தை இதற்கும் தரலாம்.

தொடங்குமுன்

இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சீனி அளவு திடீரென இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்போ இருக்கட்டும். சலரோகக் காலுக்குச் செருப்பு உதவாது, பாதத்தை மூடும் சப்பாத்து வேண்டும். நெஞ்சு இறுகினால் நின்றுவிடுங்கள். வலி தணியாவிட்டால் 999ஐ அழையுங்கள். கருமையான தோல் உள்ளவர்கள் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விட்டமின் டி மாத்திரையை ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கும்படி அரசே சொல்கிறது.

ஜி.பி.யிடம் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பதியும்போதே கேளுங்கள், கட்டணம் இல்லை. பேரனை மொழிபெயர்க்க அழைத்துப் போனால் சிறுநீர் கசிவைப் பற்றி எந்த அம்மம்மாவும் வாய் திறக்க மாட்டார். அந்தக் கசிவுக்குப் பயந்தே வெளியே நடக்கப் போகாத பெண்கள் பலர். இடுப்புத்தளத் தசைகளுக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. அதைக் கற்றுத்தர பிசியோதெரபிஸ்டிடம் ஜி.பி. அனுப்புவார்.