வாங்கியவர் ‘மார்க்’ போடலாம், விற்றவர் போட முடியாது! ஆன்லைன் ஏலத்தில் எது நியாயம்?

வேலூர்:

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றாலே தோல் பொருட்கள்தான். கடையில் ஷூ வாங்கினால் தோலைத் தடவி, தையலை இழுத்துப் பார்க்கலாம். ஆன்லைனில் அதெல்லாம் நடக்காது. முன்பு வாங்கியவர்கள் போட்ட மார்க்கை நம்பித்தான் பணம் கட்டணும். அந்த மார்க் நியாயமானதா?

பழிக்குப் பழி

1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘இ-பே’ ஏல இணையதளத்தில், 1996 முதல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மார்க் போட்டனர். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் ‘பொருள் மோசம்’ என்று வாங்கியவர் எழுதினால், ‘ஆள் மோசம்’ என்று விற்றவர் பதிலுக்கு எழுதினார். எதுக்கு வம்பு என்று பலர் வாயை மூடிக்கொண்டனர். மட்டமான சரக்கு விற்றவர்கள் தப்பித்தனர்.

இதனால் 2008 மே மாதம் முதல், வாங்குபவருக்கு விற்பவர் கெட்ட மார்க் போட இ-பே தடை விதித்தது.

சின்ன வியாபாரிக்கு அடி

இப்போது பயம் விற்பவர் பக்கம் வந்தது. ‘பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாட்டி கெட்ட மார்க்’ என்று மிரட்டுவோரும் உண்டு. இப்படி மிரட்டுவது இ-பே விதிப்படி தவறு. 1,000 மார்க் வாங்கியவருக்கு ஒரு கெட்ட மார்க் விழுந்தாலும் 99.9 சதவீதம் நிற்கும். 10 மார்க் மட்டுமே உள்ள சின்ன வியாபாரி 90-க்கு இறங்கிவிடுவார்.

இரண்டு பேரும் எழுதி முடிக்கும்வரை எதையும் வெளியில் காட்டாமல் இருப்பது ஒரு வழி. வீடு வாடகைக்கு விடும் ‘ஏர்பிஎன்பி’ 2014 முதல் இதைத்தான் செய்கிறது. முதலில் எழுதுபவருக்கு பழிவாங்கல் பயம் இல்லை.

வாங்குவோர் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் மார்க் போட்டார்கள், என்ன குறை சொன்னார்கள் என்றும் பார்ப்பது நல்லது. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.