எழுத்தென்னும் கையுறை

பெரியோரைக் காணச் செல்வோர் வெறுங்கையராய்ச் செல்லுதல் பண்டைத் தமிழர் வழக்கன்று. அன்பின் அடையாளமாக ஏந்திச் செல்லும் பொருளை அவர் 'கையுறை' என்றனர். குழந்தையைக் காணச் செல்வோர்க்கும் இவ்வழக்கம் உண்டு. ஆயின், குழந்தைக்கு ஏற்ற கையுறை யாது? தின்பண்டம் அன்றே தீர்ந்துவிடும். ஆடையோ ஓராண்டிற் சிறியதாகிவிடும். எழுத்தின்பால் விருப்பத்தை விளைவிக்கும் பொருள் அத்தகையதன்று. அது கிழிந்து அழிந்த பின்னரும் அது தந்த பயன் அழிவதில்லை. இத்தகைய கையுறையைத் தம் கையாலேயே செய்து பிறர் மக்களுக்கு வழங்குதல் சிறந்ததொரு தொண்டாகும்.

இதனைக் கருதுங்கால் திருச்செந்தூர் நினைவுக்கு வருதல் இயல்பே. தாமிரபரணிக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்தாண்டு நிறையும் வரை பேசாதிருந்தார் என்பதும், பெற்றோர் அவரைச் செந்தூர் முருகன் திருமுன் கொணர்ந்தபின் வாய் திறந்து பாடினார் என்பதும் வழிவழி வரும் வரலாறு. குழந்தையின் வாயில் மொழி மலர்வதைக் காண ஒரு தாய் எத்துணை ஏங்குவாள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பகழிக்கூத்தர் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடியதும் இத்தலத்து முருகன்மீதே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் சிறுபறை, சிறுதேர் என்பன இரண்டு. சிறு பறையும் சிறு தேரும் குழந்தைக்கென்று செய்த விளையாட்டுப் பொருள்கள் அல்லவோ!

1986ஆம் ஆண்டு வரை நெல்லை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர்த் தூத்துக்குடி மாவட்டத்தின் பகுதியாகிய இவ்வட்டாரம் பனை மலிந்தது. உடன்குடியின் கருப்பட்டியும் மணப்பாட்டின் ஓலைப்பெட்டியும் பலரும் அறிந்தவை. குருத்தோலையை உலர்த்தி, வகிர்ந்து, சாயம் தோய்த்து முடையும் கைகள், சிறு கற்களை உள்ளே இட்டுக் கிலுகிலுப்பையும் முடையும். அப்பனையின் ஓலையே முற்காலத்தில் ஏடாகவும் அமைந்தது. ஆகவே, விளையாட்டும் எழுத்தும் இம்மண்ணில் ஒரு மரத்தினின்றே தோன்றின எனலாம்.

எழுத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் கற்பித்தல் நம் முன்னோர் கண்ட முறை. திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன் முதலில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் இம்முறை இங்கிலாந்திலும் பரவியது. இத்தாலி நாட்டு அறிஞர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்குமாறு செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலர்க்குத் தம் முறையைப் பயிற்றினார். மணலாயினும் உப்புத்தாளாயினும் கருத்து ஒன்றே. தொட்டறிந்த வடிவம் நெஞ்சில் நிலைக்கும் என்பதே அது.

இம்முறையின் அருமையைத் தமிழ்நாடு அண்மையில் நன்கு உணர்ந்தது. பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சுத் திங்களில் மூடப்பட்ட பள்ளிகளில், தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பின் இடையிலேதான் பள்ளி அறையை முதன்முதற் கண்டது! வீட்டில் நூலும் கற்பிப்பாரும் உடைய பிள்ளைகள் ஒருவாறு பிழைத்தனர். விடியுமுன் கடலுக்கும் காட்டிற்கும் தொழில் நாடிச் செல்வோரின் பிள்ளைகள் யாது செய்வர்? அக்குறையைப் போக்க 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர் அதில் ஈடுபட்டனர். மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி, கதையாலும் பாடலாலும் விளையாட்டாலும் அவர் கற்பித்தனர். எழுத்தட்டைகளையும் படங்களையும் தம் கைப்படச் செய்துகொண்டோர் அவருட் பலர்.

அத்தகைய பொருள்களைச் செய்தல் அரிதன்று. தமிழ் எழுத்து 247 எனக் கண்டு மலைத்தல் வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 அட்டைகளும், கா, கி, கீ முதலியவற்றிற்குரிய குறிகளும் போதும். அவற்றுள்ளும் ட, ப, ம என்னும் எளிய வடிவங்களை முதலில் தருதல் நன்று. இம்மூன்றும் புள்ளியும் கொண்டே படம், மடம், பட்டம் என்னும் சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடும். பழைய மணவிழா அழைப்பிதழில் எழுத்தின் வடிவாகப் பசை தடவி, மணலைத் தூவி உலர்த்தினால், விரலால் தடவத்தக்க எழுத்து அமையும். பழஞ்சேலைத் துண்டுகளை மடித்துத் தைத்து, பக்கத்திற்கு ஒரு படமும் ஒரு சொல்லுமாக நூலால் தீட்டினால், கசக்கினும் கிழியாத ஏடாகும். இவற்றை இட்டுவைக்க ஓர் ஓலைப்பெட்டி இருப்பின் கையுறை நிறைவுபெறும். ஆயின், மிகச் சிறு குழந்தைக்குக் கொட்டைகளும் மணிகளும் தரலாகாது. அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குன்றிமணி நஞ்சுடையது; அதனை அறவே விலக்குதல் வேண்டும்.

பொருளைக் கொடுத்தவுடன் தொண்டு முடிந்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992இல் 'புக்ஸ்டார்ட்' என்னும் இயக்கம் கைக்குழந்தைகளுக்கு நூல்களைப் பரிசாக வழங்கத் தொடங்கிற்று. நூலைக் கொடுத்ததோடு நில்லாது, குழந்தையை மடியில் இருத்திப் படித்துக் காட்டுமாறு பெற்றோரையும் அது ஊக்கியது. கொடுத்த பொருளைக் கொண்டு நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையோடு பேசுதல், பாடுதல், கதை சொல்லுதல் ஆகியவையே எழுத்திற்கு உயிரூட்டுவன. எழுத்தறியாத தாயும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். அவளுடைய குரலே குழந்தைக்கு முதல் நூலாகும்.

பெருஞ்செல்வர் பள்ளிகளைக் கட்டலாம். அரசு நூலகங்களை நிறுவலாம். ஆயினும், அப்பள்ளியின் வாயிலையும் அந்நூலகத்தின் வாயிலையும் அச்சமின்றி மிதிக்கும் விருப்பத்தைக் குழந்தையின் நெஞ்சில் ஊன்ற வல்லது அருகிலிருப்போர் அன்பே. ஓர் அட்டை, ஒரு பிடி மணல், ஒரு மாலைப்பொழுது ஆகிய இம்மூன்றும் மாணவர் எவர்க்கும் எட்டாதன அல்ல. தாம் கற்ற எழுத்தைத் தம் தெருவிலுள்ள சிறு குழந்தை ஒன்றிற்குக் கையுறையாக அளிப்பவர், கற்ற கடனை அப்பொழுதே தீர்க்கத் தொடங்கிவிடுகின்றனர்.