எதிரே இருப்பவருக்குத் தெரியாமல்

அமெரிக்காவின் டி.பி.எஸ் தொலைக்காட்சியில் 2013 ஜூலையில் தொடங்கிய ‘டீல் வித் இட்’, ரகசியக் கேமரா குறும்பையும் பரிசுப் போட்டியையும் ஒரே மேசையில் உட்கார வைத்த நிகழ்ச்சி. மூலம் இஸ்ரேலின் கெஷெட் நிறுவனத்துடையது. நடத்தியவர் நகைச்சுவைக் கலைஞர் தியோ வான். ‘டீல் ஆர் நோ டீல்’ புகழ் ஹோவி மாண்டெல் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

களம் ஓர் உணவகம். காதலர்களோ தோழிகளோ அக்கா தங்கையோ, இரண்டு பேர் சாப்பிட வருவார்கள். ஒருவரை மட்டும் ஏதோ சாக்குச் சொல்லித் தனியே அழைத்துப்போய் விஷயத்தை உடைப்பார்கள். காதுக்குள் சின்ன இயர்பீஸ் ஏறிவிடும். அவர் மறுபடி வந்து உட்காரும்போது போட்டியாளர் ஆகிவிட்டிருப்பார். மறைவான அறையில் திரைகளைப் பார்த்தபடி தியோ வானும் அன்றைய விருந்தினரும் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே பேச வேண்டும், செய்ய வேண்டும். எதிரே இருப்பவரிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது. கட்டளைகள் கடுமையாக ஆக, பணமும் கூடும். போதாததற்கு, உணவு கொண்டுவருபவரும் பக்கத்து மேசைக்காரரும் நடிகர்களாக இருப்பார்கள்.

உதடு சிரிப்பை அடக்கப் படும் பாடுதான் இந்த ஆட்டத்தின் உயிர். காதில் ஒரு குரல் அபத்தமாக எதையோ சொல்கிறது, எதிரே பழகிய முகம் ஒன்று புரியாமல் விழிக்கிறது, நடுவே பணம்.

ரகசியக் கேமரா வேடிக்கை பழசு. ஆலன் ஃபன்ட் 1947இல் வானொலியில் ‘கேண்டிட் மைக்ரோஃபோன்’ என்று ஆரம்பித்து, அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். அதுவே பிறகு ‘கேண்டிட் கேமரா’ ஆனது. 1969இல் அவர் பயணம் செய்த விமானம் கியூபாவுக்குக் கடத்தப்பட்டது. அவரை அடையாளம் கண்டுகொண்ட பயணிகள், இதுவும் அவர் வேலைதான் என்று சிரித்துக்கொண்டிருந்தார்களாம்!

ஃபன்டின் நிகழ்ச்சியில் ஏமாறுபவருக்குக் கிடைத்தது அசடு வழியும் சிரிப்புதான். பந்தயம் பிறகுதான் நுழைந்தது. எம்.டிவியில் 2004இல் வந்த ‘பாய்லிங் பாயிண்ட்ஸ்’ நிகழ்ச்சியில் நடிகர்கள் யாரோ ஒருவரை எரிச்சலூட்டுவார்கள். குறித்த நேரம்வரை அவர் பொறுமை காத்தால் 100 டாலர், கொதித்தால் ஒன்றுமில்லை. தான் போட்டியில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ‘டீல் வித் இட்’ இதைப் புரட்டிப் போட்டது. இங்கே போட்டியாளருக்கு எல்லாம் தெரியும்; வேண்டியவர் ஒருவரைத் தெரிந்தே சங்கடத்தில் தள்ளினால்தான் காசு. முன்பின் தெரியாதவரை ஏமாற்றுவதைவிட இது கொஞ்சம் ஈவிரக்கமற்றது. ஆனால் கடைசியில் குட்டு உடையும்போது பரிசு தன் வீட்டுக்கே வருகிறது என்பதால், கோபம் பெரும்பாலும் கட்டிப்பிடிப்பில் முடிந்தது.

சிக்கல் கட்டமைப்பிலேயே இருந்தது. அதே உணவகம், அதே இயர்பீஸ், அதே விழிப்பு. சில வாரங்கள் பார்த்தவருக்கு அடுத்த திருப்பம் எங்கே வரும் என்பது அத்துபடி. மேலும், இதுபோன்ற நிகழ்ச்சிகள் பிரபலமாக ஆக, சர்வர் சற்று விநோதமாக நடந்தாலே கேமராவைத் தேடும் கண்கள் பெருகிவிடுகின்றன.

2014ஆம் ஆண்டோடு நிகழ்ச்சி நின்றுபோனது. தியோ வானை இன்று உலகம் அறிவது, பின்னர் அவர் தொடங்கிய ‘திஸ் பாஸ்ட் வீக்கெண்ட்’ பாட்காஸ்ட் மூலமாகத்தான்.