மயிர்க்காலில் வாழும் மதுவம்

கள்ளைப் புளிக்கச் செய்யும் மதுவத்திற்குத் தூரத்து உறவான நுண்ணுயிரொன்று மாந்தர் தோலிற் குடியிருக்கின்றது. பிரான்சிய அறிஞர் மலசே 1874இல் அதனைப் பொடுகுச் செதில்களிற் கண்டார். அவர் பெயராலேயே அது 1889 முதல் மலசீசியா என வழங்கலாயிற்று. கொழுப்பமிலங்களைத் தானே ஆக்க வல்லதன்று. தோல் சுரக்கும் நெய்ப்பொருளே அதன் உணவு. ஆய்வுகூடத்திலும் ஒலிவ எண்ணெய் போன்றதொன்றை வார்த்தே பெரும்பாலும் அதனை வளர்ப்பர்.

வெப்பமும் வியர்வையும் இறுகிய ஆடையும் சேருமிடத்து, மயிர்க்காலின் குழியினுள் இது அளவிறந்து பெருகும். நெய்ப்பொருளை உடைத்து இது விடுவிக்கும் அமிலங்கள் உறுத்துதலால் குழி அழற்சியுறும். மார்பிலும் முதுகிலும் ஒரேயளவான சிறு பருக்கள் எழும், அரிப்போ பொறுத்தற்கரிது.

இவற்றைச் சாதாரண முகப்பருவின் இனமென்றெண்ணி, மாதக்கணக்கில் நுண்ணுயிர்கொல்லி மாத்திரை விழுங்கும் இளைஞர் நிலை இரங்கத்தக்கது. அம்மருந்து பற்றீரியாவைக் கொல்லுமேயன்றி மதுவத்தைத் தீண்டாது. போட்டியிடுவோர் ஒழிந்தபின் மதுவம் முன்னிலுந் தழைக்கும். முகப்பருவிற் காணும் கருமுனைகள் இங்கில்லை. பருவின் உள்ளீட்டை நுணுக்குக்காட்டியில் நோக்கின் அரும்புவிடும் கலங்கள் தோன்றும். கீற்றோகொனசோல் முதலிய பங்கசுகொல்லிகளைத் தோலிற் பூசவோ, அவ்வினத்து மாத்திரைகளை உட்கொள்ளவோ மருத்துவர் விதிப்பர். சில வாரங்களில் நோய் தணியும். ஆயினும் குடியிருப்பவர் முற்றாக வெளியேறுவதில்லை; மருந்து நின்றபின் பலரிடத்து மீண்டுந் தலைகாட்டுவதுண்டு.