யானைப் பாகருக்கு என்ன எண்?

உதகையிலிருந்து கூடலூர் வழியாகப் பேருந்தில் இப்பக்கம் வந்த நண்பர்கள் தெப்பக்காட்டு யானை முகாமைக் கண்டிருப்பார்கள். அதைக் கடந்தால் பந்திப்பூர்க் காடு; பிறகு குண்டலுப்பேட்டை, சாமராஜநகர். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் பாகர் உண்டு. அவருக்குத் துணையாகக் காவடி உண்டு. உலகத்துத் தொழில்களுக்கெல்லாம் எண்ணிட்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டியலில் பாகருக்கு என்ன எண் என்று ஒருநாள் தேடினேன். கிடைத்த விடை வியப்பளித்தது.

முதலில் பட்டியலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958இல் தொழில் வகைப்பாடு ஒன்றை வெளியிட்டது. இந்தியாவும் தனக்கென ஒன்றை அதே ஆண்டின் பெயரில் அமைத்து, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தியது. 2015ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் எட்டு இலக்கம். முதல் நான்கும் 2008ஆம் ஆண்டின் உலக வகைப்பாட்டைத் தழுவியவை. பின் நான்குதாம் நமக்கே உரியவை.

உலக வகைப்பாட்டில் அடிப்படைக் குழுக்கள் 436. செய்யும் பணி எத்தகையது, அதற்குத் திறன் எவ்வளவு என்ற இரண்டையும் வைத்தே குழு பிரிக்கிறார்கள். திறனுக்கு நான்கு படிகள். தச்சருக்கும் ஆசிரியருக்கும் இதில் இடர்ப்பாடு இல்லை; அவர்கள் பலர். நூறு பேரோ ஆயிரம் பேரோ செய்யும் அருந்தொழிலுக்குத் தனிக்குழு அமைத்தால், மாதிரிக் கணக்கெடுப்பில் அக்குழு வெறுமையாகவே நிற்கும். ஆகவே அத்தகைய தொழிலை “வேறெங்கும் வகைப்படுத்தப்படாதோர்” என்ற கடைசிப் பெட்டியில் போடுகிறார்கள். அல்லது உறவுமுறை பார்த்து ஏதேனும் ஒரு வீட்டில் குடியேற்றுகிறார்கள்.

பாகர் குடியேறிய வீடு 9332. விலங்கு பூட்டிய வண்டிகளையும் பொறிகளையும் ஓட்டுவோரின் குழு அது. அவர்களுடைய பணிகளுள் ஒன்றாக, வேலை யானைகளை ஓட்டுதல் என்றும் எழுதியிருக்கிறது. ஒன்பதாம் பெரும்பிரிவு எளிய உடலுழைப்புக்கு உரியது, திறனில் முதற்படி. இனி 5164ஐப் பாருங்கள். வளர்ப்பு நாய்க்கு முடி திருத்துவோரும், விலங்குகளைப் பழக்குவோரும் அதில் அடங்குவர். அவர்களுக்கு இரண்டாம் படி! குதிரையைச் சவாரிக்குப் பழக்கினால் ஒரு படி உயர்வு. காட்டு யானையைப் பழக்கினால் இல்லையா?

பாகர் செய்வது வெறும் ஓட்டுதலா? பிடிபட்ட காட்டு யானையைக் கராலில் அடைத்து, வாரக்கணக்கில் அருகிருந்து உணவூட்டிப் பேசிப் பழக்குகிறார். காதுக்குப் பின்னே கால்விரலால் தொட்டே திசை சொல்கிறார். கன்னத்துச் சுரப்பியில் நீர் கசிவது கண்டதும் மதம் வருகிறதென அறிந்து சங்கிலியிடுகிறார். இரவில் மேயவிட்ட யானையை விடியலில் தடம் பார்த்துத் தேடிக் கொணர்கிறார் காவடி. இது பரம்பரையாகக் கற்ற கல்வி. இந்தப் பக்கத்தில் ஜேனு குருபர் பலர் இதில் வல்லவர். வடமொழிச் சொல்லால் யானையைப் பயிற்றும் இளைஞர் நம் முல்லைப்பாட்டிலேயே வருகிறார் அன்றோ?

திறன் என்பது பள்ளிச் சான்றிதழ் மட்டுமன்று, வேலையில் பெற்ற பயிற்சியும் அதில் சேரும் என்று வகைப்பாட்டு விதியே கூறுகிறது. ஆனால் பின் நான்கு இலக்கத்தில் நாம் என்ன எழுதினாலும் முன்னால் நிற்கும் ஒன்பது மாறாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தேசிய மாதிரி ஆய்வில் முதல் மூன்று இலக்கங்களோடு நிறுத்திவிடுவார்கள். 933 என்றால் போக்குவரத்து, கிடங்குத் தொழிலாளர். மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர், மூட்டை தூக்குவோர், கடையில் அலமாரி நிரப்புவோர், பாகர் எல்லாரும் அங்கே ஒன்று! எண் நேராக ஊதியத்தைக் குறைப்பதில்லை. ஆனால் நாட்டில் பாகர் எத்தனை பேர், அவர்களுக்குப் பின் யார் வருவார் என்று அந்த அட்டவணையைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது.

2023 ஆகஸ்டில் தெப்பக்காட்டின் பெள்ளி அம்மையாருக்குத் தமிழக அரசு நிரந்தரக் காவடியாகப் பணி ஆணை வழங்கியது. ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்தில் வந்தவர் அவரே. ஆணையில் அவர் பதவி காவடி. கணக்கெடுப்பாளர் அவர் வீட்டுக்கு வந்து “என்ன வேலை, அம்மா?” என்று கேட்டால், “யானையை வளர்க்கிறேன்” என்று அவர் சொன்னால் ஒரு பெட்டி, “யானை ஓட்டுகிறோம்” என்று சொன்னால் வேறு பெட்டி.