கியர்ப்பெட்டியும் மனித உழைப்பும்

மட்டக்குளியிலிருந்து புறக்கோட்டை நோக்கிச் செல்லும் பஸ்ஸின் சாரதியைச் சற்று அவதானிப்போர், அவரது இடது கால் ஓய்வின்றிக் கிளச்சை மிதிப்பதையும் இடது கை கியர்த்தண்டோடு போராடுவதையும் காண்பர். அதே நெரிசலில் அருகே நிற்கும் ஜப்பானிய ஹைபிரிட் காரில் கிளச்சு மிதியே இல்லை. ஒரே வீதியில் நிலவும் இவ்வேறுபாடு வெறும் பொறியியற் செய்தியன்று. உழைப்பு, திறன், உடைமை ஆகியவற்றுக்கிடையேயான உறவை அது உணர்த்துகின்றது.

முதலிற் பொறிமுறையை நோக்குவோம். எஞ்சின் குறிப்பிட்ட வேக எல்லைக்குள்ளேயே தக்க வலுவைத் தரும். சில்லுகளோ ஓய்வுநிலையிலிருந்து அதிவேகம் வரை சுழலவேண்டும். இவ்விரண்டையும் இசைவிப்பவை வெவ்வேறு அளவினவான பற்சில்லுகள். ஒரு சோடியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகையில் எஞ்சினின் தொடர்பைக் கணநேரம் துண்டிப்பதே கிளச்சின் பணி. அக்கணத்தைச் சாரதியின் காலும் காதுமே தீர்மானித்தன. 1928இல் கடிலாக் நிறுவனம் பற்சில்லுகளின் வேகத்தைத் தாமே ஒத்திசையச் செய்யும் அமைப்பைப் புகுத்திய பின்னர், கிளச்சை இருமுறை மிதிக்கும் தேவை படிப்படியாகக் குறைந்தது.

இன்றைய வேகக்கார்களின் இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டியில் கிளச்சு மிதி இல்லையேயன்றிக் கிளச்சு இல்லாமலில்லை. ஒற்றையெண் கியர்கள் ஒரு கிளச்சுடனும் இரட்டையெண் கியர்கள் மற்றதுடனும் இணைந்துள்ளன. மூன்றாம் கியரில் ஓடும்போதே கணினி நான்காவதை ஆயத்தமாக வைத்திருக்கும். ஒரு கிளச்சு விடுபட, மற்றது பற்றிக்கொள்ளும். கைதேர்ந்த சாரதியும் இவ்வேகத்தை எட்டல் அரிது.

இதன் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. 1930களில் வில்சன் வடிவமைத்த முன்தெரிவுக் கியர்ப்பெட்டி, ஈ.ஆர்.ஏ. பந்தயக் கார்களில் இடம்பெற்றது. அடுத்த கியரைச் சிறு நெம்பினால் முன்னரே தெரிந்துவைத்து, வேண்டியபோது மிதியை அழுத்தினாற் போதும். அதே வகைக் கியர்ப்பெட்டியே இலண்டனின் ஆர்.ரி. இரட்டைத்தட்டு பஸ்களிலும் பொருத்தப்பட்டது. 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபின், அவ்வினப் பழைய பஸ்கள் பல இங்குக் கொண்டுவரப்பட்டன. பந்தயச் சீமான்களின் வசதி, பொதுச்சேவைத் தொழிலாளியின் காலுக்கும் ஓய்வளித்தது. ஆயின் பின்வந்த பஸ்களில் கிளச்சு மிதி மீண்டும் இடம்பிடித்தது. தொழில்நுட்பம் தானே முன்னோக்கிச் செல்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

வேகக்கார்களின் கதை வேறு திசையிற் சென்றது. 1989இல் பிரேசில் கிராண்ட் பிரீ போட்டியில் மான்செல் ஓட்டிய பெராரி, சுக்கானுக்குப் பின்னாலிருந்த தகட்டினாற் கியர் மாற்றி வென்றது. 1997இல் அம்முறை பெராரியின் வீதிக்காருக்கு வந்தது. 2003இல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 இரட்டைக் கிளச்சைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2013இல் கணினிக் கியர்ப்பெட்டியுடன் மட்டுமே விற்கப்பட்ட போர்ஷே 911 ஜி.ரி.3, 2017இல் வாங்குவோரின் விருப்பத்துக்கிணங்கக் கைக்கியரையும் மீண்டும் பெற்றது. வேகங் குறைந்ததை அவர்கள் விரும்பியதேன்? இயந்திரம் பறித்த திறனை, விலைகொடுத்து வாங்கும் இன்பமாக மீட்டுக்கொள்ளவே. வசதிபடைத்தவனுக்குக் கிளச்சு பொழுதுபோக்கு. பஸ் சாரதிக்கு அது முழங்கால் வலி.

எனவே கைக்கியரின் மறைவுக்கு இரங்கற்பா பாடுவது நமது வேலையன்று. உழைப்பாளியின் திறன் இயந்திரத்துக்குள் இடம்பெயர்வதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் தொகுதியிலேயே (1867) விரிவாக ஆராய்ந்தார். அவரது குற்றச்சாட்டு இயந்திரத்தின்மேலன்று, அதனை முதலாளித்துவம் பயன்படுத்தும் முறைமையின்மேலேயாம். இங்கு கவனிக்கவேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. பழைய கியர்ப்பெட்டியைப் பஞ்சிகாவத்தைத் தொழிலாளி கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டான். அவ்வறிவு அவன் கையில் இருந்தது. கணினிக் கியர்ப்பெட்டியின் மூளையான நிரலோ உற்பத்தியாளனின் உடைமை. இரும்பைக் கழற்றலாம்; பூட்டிய நிரலைக் கழற்ற முடியாது.

ஆகவே கையா, கணினியா என்பது பிழையான வினா. மிதியின் சுமையிலிருந்து விடுபடும் உரிமை பஸ் சாரதிக்கும், நிரலைப் பயின்று திருத்தும் உரிமை பழுதுபார்ப்பவனுக்கும் கிட்டுமா என்பதே மெய்யான வினா. அதற்கான விடையைக் கியர்ப்பெட்டிக்குள் தேடுவதிற் பயனில்லை. அதனைச் சமூகமே தரவேண்டும்.